கேளுங்கள், சொல்கிறோம்: 'சத்யா'வின் பலமும் பலவீனமும்

ராம் கோபால் வர்மா இந்தியில் எடுத்த 'சத்யா' பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கமல்ஹாசன் நடித்த 1988-ஆம் ஆண்டுத் தமிழ் 'சத்யா' வேறு படம். படத்தின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசியிருக்கிறோம். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கே: இந்தி ரவுடிப் படங்களைப் பற்றிப் பேசும் யாரும் 'சத்யா'வைச் சொல்லாமல் விடுவதில்லை. இப்போது பார்த்தால் பல காட்சிகள் ஏற்கெனவே பார்த்தவை போலத்தான் இருக்கின்றன. அப்படி என்ன புதுமை?

ப: அந்தக் காட்சிகளைப் பிற்பாடு பலரும் எடுத்தாண்டுவிட்டார்கள். அதனால்தான் பழகியவை போலத் தெரிகின்றன. படம் வெளியான 1998 ஜூலைக்கு முந்தைய இந்திப் படங்களில் கடத்தல்காரன் பெரும்பாலும் கோட்டு சூட்டு அணிந்து பெரிய மாளிகையில் உட்கார்ந்திருப்பான். 'சத்யா'வின் கும்பல் தலைவன் பீகூ மாத்ரேவுக்கு வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், அவளிடம் திட்டும் வாங்குகிறான். அவனுடைய ஆட்கள் ஒரு சாதாரண அறையில் கூடிக் கணக்குப் பார்க்கிறார்கள், தொலைபேசியில் மிரட்டுகிறார்கள், ஓய்ந்த நேரத்தில் குடித்துவிட்டு ஆடுகிறார்கள். கொலையும் மிரட்டிப் பணம் பறிப்பதும் இவர்களுக்கு அன்றாட வேலை. படம் அதை அலுவலக வேலையைக் காட்டுவது போலக் காட்டுகிறது.

காலமும் ஒரு காரணம். 1997 ஆகஸ்டில் இசை நிறுவன அதிபர் குல்ஷன் குமார் மும்பையில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த இந்தப் படம் ஒரு சினிமாத் தயாரிப்பாளரின் கொலையோடு கதையைத் தொடங்குகிறது. அன்றைய பார்வையாளருக்கு அது நாளிதழ்ச் செய்திக்கு மிக அருகில் இருந்தது.

கே: 'நாயகன்' வேலு நாயக்கருக்கு ஒரு இளமைக்காலம் இருக்கிறது. சத்யா யார், எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை. இது குறையா, வேண்டுமென்றே செய்ததா?

ப: வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் பாதிதான் பலித்திருக்கிறது.

'நாயகன்' (1987) தன் நாயகனுக்குக் காரணம் கொடுக்கிறது. அப்பாவைப் போலீஸ் கொன்றது, வளர்த்தவர் சிறையில் இறந்தது என்று ஒவ்வொரு படியும் அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது. 'சத்யா' அந்தக் காரணங்களை முழுவதும் நீக்குகிறது. ஒருவன் மும்பைக்கு வருகிறான், மதுக்கூடத்தில் வேலை செய்கிறான், பணம் பிடுங்க வந்த பக்யாவின் கன்னத்தைக் கிழிக்கிறான், சிறைக்குப் போகிறான், அங்கே பீகூவையே எதிர்த்து அடிக்கிறான். முன்கதை இல்லாததால் 'பாவம், சூழ்நிலை அவனை இப்படி ஆக்கிவிட்டது' என்று நாம் மன்னிக்க வழியில்லை. இது துணிச்சலான எழுத்து.

முன்கதையை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிகழ்காலத்தால் நிரப்ப வேண்டும். அவனுக்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டு தயங்குவான், எதில் தடுமாறுவான் என்பவை வேண்டும். சத்யாவிடம் இவை மிகக் குறைவு. சத்யாவாக வரும் ஜே.டி. சக்ரவர்த்தியின் இறுகிய முகம் முதல் அரைமணி நேரம் நம்மை இழுக்கிறது. பிறகு அதே முகம் காதலுக்கும் துக்கத்துக்கும் கோபத்துக்கும் வரும்போது இழுவை தளர்கிறது. தமிழில் 'உதயம்' என்று வந்த வர்மாவின் முதல் படத்தில் நடித்தவர் இவர். திறமை இல்லாதவர் அல்ல. எழுத்து அவருக்குக் கொடுத்த தீனி போதவில்லை.

கே: அப்படியானால் படத்தைத் தாங்குவது மனோஜ் பாஜ்பாய் மட்டும்தானா?

ப: பெரும்பங்கு அவருடையது. பீகூவாக நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். அவர் பீகூவின் குரலை இடத்துக்கு இடம் மாற்றுவதைக் கவனியுங்கள். ஆட்களிடம் உரக்கப் பேசுகிறான், எதிரியைப் பற்றிப் பேசும்போது பல்லைக் கடிக்கிறான், அரசியல்வாதி பாவூவின் முன்னால் அடங்குகிறான். மனைவி ப்யாரியிடம் அதட்டத் தொடங்கி, அவள் திருப்பி அதட்டியதும் குழைகிறான். ஒரே ஆளின் பல உயரங்கள் இவை. அவன் எங்கே அடங்குகிறானோ அங்கேதான் அவனுக்கு ஆபத்து என்பது மெல்லப் புரிகிறது.

ஷெஃபாலி ஷாவைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. ப்யாரிக்குக் காட்சிகள் குறைவு. ஆனால் வந்துபோகும் நேரத்துக்குள் ஒரு முழுக் குடும்பத்தைக் காட்டிவிடுகிறாள். கல்லு மாமாவாக வரும் சௌரப் சுக்லா, அனுராக் காஷ்யப்புடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதியவர். அவருடைய நிதானம் இல்லாவிட்டால் பீகூவின் வேகம் எடுபடாது.

பீகூவின் மரணம் படத்தின் உச்சமான இடம். தேர்தலில் வென்ற பாவூ, மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனைச் சுட்டுவிடுகிறார். பெரிய முன்னறிவிப்பு இல்லை, வசனம் இல்லை, மெதுவாக விழுவதும் இல்லை. இந்தத் தொழிலில் ஆள் எப்படிப் போவான் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. விலையும் இருக்கிறது. பீகூ போனதும் படத்தின் துடிப்பு இறங்குகிறது. மீதமுள்ள பழிவாங்கலைச் சத்யா தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தோள் அதற்குப் போதவில்லை.

கே: வித்யாவுடனான காதலும் பாடல்களும் தேவையா?

ப: காதல் தேவை. அது வந்த விதம்தான் பிரச்சினை. பின்னணிப் பாடகியாக முயலும் வித்யாவுக்கு வாய்ப்புக் கிடைக்க, சத்யா இசையமைப்பாளரை மிரட்டுகிறான். வித்யா தன் திறமைக்குக் கிடைத்தது என்று மகிழ்கிறாள். காதலும் குற்றமும் ஒரே முடிச்சில் விழும் அருமையான இடம் இது. உண்மை தெரிந்தால் அவள் பாட்டும் போகும், அவனும் போவான். படம் இந்த முடிச்சை இறுக்காமல், மழையிலும் வெளிப்புறங்களிலும் பாட்டுக்குப் போய்விடுகிறது. வித்யாவாக வரும் ஊர்மிளாவை ஒப்பனை குறைத்து, எளிய உடையில் காட்டியது நல்ல முடிவு. ஆனால் டூயட் தொடங்கியதும் அந்த எளிமை கலைகிறது.

விஷால் பரத்வாஜ் இசை, குல்ஸார் வரிகள், தனியே கேட்க எல்லாமே இனியவை. படத்துக்குள் முழுதாகப் பொருந்துவது கும்பல் குடித்துவிட்டு ஆடும் கல்லு மாமா பாட்டு. பாடியவர் நம் மனோ. அந்த ஆட்டத்தில் யாருக்கும் அடவு தெரியாது, வரிசையும் இல்லை. அதனாலேயே அது பாட்டாகத் தெரியாமல் காட்சியாகவே நிற்கிறது.

கே: ஒளிப்பதிவு, ஒலி பற்றிச் சொல்லுங்கள்.

ப: 'நாயகன்' தாராவியைத் தோட்டா தரணி சென்னையில் செட் போட்டு எழுப்பினார். 'சத்யா' மும்பையின் நிஜச் சந்துகளுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் போகிறது. அமெரிக்கரான ஜெரார்ட் ஹூப்பரும் மசர் கம்ரானும் ஒளிப்பதிவு செய்தார்கள். சின்ன அறைக்குள் ஆறேழு பேர் நெருக்கியடித்து உட்காரும்போது நமக்கே மூச்சு முட்டுகிறது. கும்பலின் உறவுகளை அந்த நெருக்கமே சொல்லிவிடுகிறது.

ஒலிக்காக ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியவர் சென்னையின் எச். ஸ்ரீதர். சந்தீப் சௌதாவின் பின்னணி இசையும் அதே விருதைப் பெற்றது. அந்த இசை சில இடங்களில் அளவு மீறுகிறது என்பது எங்கள் கருத்து. முகமே மிரட்டும்போது இசையும் சேர்ந்து மிரட்ட வேண்டியதில்லை.

கே: போலீஸ் கமிஷனரையே கொல்வது நம்பும்படியாக இருக்கிறதா?

ப: யோசனை நம்பும்படி இருக்கிறது, நிறைவேற்றம் இல்லை. என்கவுன்ட்டரில் ஆட்கள் விழும்போது பயத்தை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்று சத்யா நினைப்பது அவன் குணத்துக்குப் பொருத்தம். மற்ற வேலைகளை இவ்வளவு விவரமாகக் காட்டும் படம், இவ்வளவு பெரிய அதிகாரியின் பாதுகாப்பு எப்படி உடைந்தது என்பதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. விசாரணையில்லாமல் சுடுவது சரியா என்ற கேள்வியைப் படம் தீவிரமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. சட்டத்தைப் பேசும் முக்கியப் பாத்திரமான வக்கீல் முலே கும்பலின் ஆள். நியாயமான ஒரு வாதத்தை அயோக்கியன் வாயில் வைத்தால் பார்வையாளர் வாதத்தையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

கே: 'கம்பெனி', 'டி' இரண்டும் இதன் தொடர்ச்சியா?

ப: கதைத் தொடர்ச்சி இல்லை. 2002, 2005-இல் வந்த இவற்றைச் சேர்த்து முத்தொகுப்பு என்பார்கள். தனித்தனியாகப் பார்க்கலாம். 'கம்பெனி'யில் மோகன்லால் போலீஸ் அதிகாரியாக வருகிறார். 'டி'யை இயக்கியவர் விஸ்ராம் சாவந்த், வர்மா தயாரிப்பாளர்.

கே: திரைக்கதை எழுதிப் பழகுகிறேன். இந்தப் படத்திலிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது?

ப: முதல்முறை நிறுத்தாமல் பாருங்கள், கிட்டத்தட்ட 170 நிமிடம். இரண்டாம் முறை காட்சிக்கு ஒரு அட்டை போடுங்கள். அதில் நான்கே விஷயம் எழுதுங்கள்: இடம், யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், முடிவில் யார் கை ஓங்கியது. பிறகு பாடல் அட்டைகளை உருவிவிட்டு மீதியை வரிசையாகப் படியுங்கள். கதை எங்கும் அறுபடவில்லை என்றால் அந்தப் பாடல்கள் கதைக்கு எதையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்து பக்யாவின் அட்டைகளை மட்டும் தனியே எடுங்கள். முதல் பகுதியில் கன்னம் கிழிபட்ட அதே சில்லறை ரவுடிதான் பின்னர் தியேட்டரில் சத்யாவைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்கிறான். போலீஸ் கதவுகளை அடைத்து ஒரே வழியாகக் கூட்டத்தை வெளியே விடுகிறது. சத்யா தரையில் சுடுகிறான், நெரிசலில் ஆட்கள் சாகிறார்கள். அவன் தப்பிக்கிறான், ஆனால் அதற்குமேல் வித்யாவிடம் எதையும் மறைக்க முடியாது. தொடக்கத்தில் போட்ட விதை பின்னால் முளைக்கும் நல்ல உதாரணம் இது. அவர்கள் அதே தியேட்டருக்கு வந்ததில் தற்செயல் கொஞ்சம் இருக்கிறது. நாயகனைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலைப் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், காப்பாற்றும் தற்செயலைப் பொறுக்கமாட்டார்.

கடைசியாக, விநாயகர் சிலைகளைக் கரைக்கும் கூட்டத்துக்குள் சத்யா பாவூவைக் குத்தும் காட்சியை ஒருமுறை ஒலியில்லாமலும் ஒருமுறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டும் கவனியுங்கள். எந்தத் தகவல் கண்ணுக்கு, எந்தத் தகவல் காதுக்கு என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். அதே பிரிப்பை நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு காட்சிக்கும் செய்து பாருங்கள். காதுக்கான பத்தியில் வசனம் மட்டுமே இருந்தால் அந்தக் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும்.