மரணத்துக்குப் பின் ஒரு ரத்தப் பரிசோதனை – கடிதம்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்க வைக்கும் செப்சிஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சென்ற வருடம் என் தம்பி இறந்தான். அவனுக்குச் சர்க்கரை உண்டு. காலில் சின்னப் புண், இரண்டு நாள் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. நுரையீரல் நீர்கோத்துக் கனத்திருந்தது, மண்ணீரல் குழைந்திருந்தது என்று போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் இருக்கிறது. விசரா (விஷம் தேட எடுக்கும் உள்ளுறுப்புத் துண்டுகள்) பரிசோதனையில் விஷம் எதுவும் இல்லை. காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று முடித்துவிட்டார்கள். ஊரில் இன்னும் ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்றுதான் பேச்சு. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் செப்சிஸுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையை இறந்தவருக்கு எடுக்க முடியாதா? இனிமேல் ஏதாவது வழி உண்டா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்க முடியும். எடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. காய்ச்சல், புண், சர்க்கரை மூன்றும் இருந்த ஒருவர் திடீரென்று இறந்திருக்கிறார். செப்சிஸ் என்ற சந்தேகம் வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் கத்தியும் கண்ணும் மட்டும் இருந்தால் செப்சிஸைப் பிடிப்பது கஷ்டம். கிருமி உள்ளே வந்ததும் உடல் அதை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பே கட்டுமீறிப்போய் சொந்த உறுப்புகளைச் சிதைப்பதைத்தான் 2016-இல் வந்த வரையறை செப்சிஸ் என்கிறது. வார்டில் அதை ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, ஆக்சிஜன், நினைவு ஆகியவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். பிணவறையில் இவை எதுவுமே கிடையாது. கனத்த நுரையீரலை இதயம் செயலிழந்தவரிடமும் பார்க்கலாம். மண்ணீரல், உடல் அழுக ஆரம்பித்தாலே குழைந்துவிடும். ரத்தத்தைக் கல்ச்சர் வைத்தாலும், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தாலும், சிக்கல்தான். இறந்த பிறகு குடலில் இருக்கும் கிருமிகள் இடம் பெயரும், எடுக்கும்போது தோலில் இருப்பவையும் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்திலும் மண்ணீரலிலும் ஒரே நோய்க்கிருமி தனியாக வளர்ந்தால் நம்பலாம். நாலைந்து கலந்து வளர்ந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதனால்தான் ரத்தத்தில் உடல் விட்டுச்செல்லும் தடயத்தைத் தேடுகிறார்கள். வார்டில் நாம் நம்பும் லாக்டேட், அதாவது ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலப்பொருள், இங்கே உதவாது. மூச்சு நின்ற பிறகும் அது எல்லா உடலிலும் ஏறிக்கொண்டே போகும். வெள்ளணு எண்ணிக்கையும் அப்படித்தான், அணுக்கள் சிதைந்துவிடும். தாக்குப்பிடிப்பது புரோகால்சிட்டோனின் என்ற புரதம். சாதாரணமாக இதைத் தைராய்டுதான் சுரக்கும், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம்கூட இருக்காது. பாக்டீரியா தொற்று கடுமையாகும்போது கல்லீரல், நுரையீரல், கொழுப்பு என்று உடம்பு முழுக்க அதைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் ஏற ஆரம்பித்துப் பல மடங்காகும். ஜெர்மனியின் ஹாம்பர்கில் தடயவியல் மருத்துவர் மிகாயேல் ட்சோகோஸும் அவருடன் இருந்தவர்களும் 2001-இலேயே, செப்சிஸில் இறந்தவர்களின் சீரத்தில் (ரத்தத்தில் அணுக்களைப் பிரித்தபின் நிற்கும் தெளிநீர்) இதை அளந்து, மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட முடியும் என்று எழுதினார்கள். சுவிட்சர்லாந்தின் லொசானில் கிறிஸ்டியன் பால்மியேர் குழு இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது. இறந்தவர்களிடம் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் என்ற அளவைப் பல ஆய்வுகள் எல்லையாக வைக்கின்றன. உடலில் அழற்சி வந்தால் ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதமும் கூடவே பார்க்கப்படுகிறது. அதைக் கல்லீரல் சுரக்கிறது, மெதுவாகத்தான் ஏறும், அடிபட்டாலும் தீப்பட்டாலும்கூட ஏறும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்து, உடலில் தொற்றின் இடமும் தெரிந்தால் முடிவுக்குப் பலம் வரும். இரண்டுமே தாழ்ந்திருந்தால் செப்சிஸ் என்று சொல்லத் தயங்க வேண்டும்.

ரத்தம் எடுக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இதயத்தில் தேங்கிய ரத்தத்தில் பக்கத்து உறுப்புகளில் இருந்து கசிந்தவை கலந்திருக்கும், அதனால் தொடைச் சிரையில் எடுப்பது நல்லது. எடுத்தவுடன் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் சீரத்தைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். நேரமாக ஆகச் சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே போகும். வெளிர்மஞ்சளாக வர வேண்டிய சீரம் நாவல்பழச் சாறு மாதிரி வரும், அதைக் கருவியில் வைத்து அளப்பதும் கஷ்டமாகிவிடும். பரிசோதனையே புதிதல்ல, ஐ.சி.யூ. உள்ள ஆஸ்பத்திரிகளில் தினமும் செய்வதுதான். பிணவறையில் இருந்து அந்த லேபுக்கு ஒரு குழாயை அனுப்பும் பழக்கம் வர வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் தம்பி விஷயத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சர்க்கரை கட்டுமீறி, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப்பொருள் சேரும் கீட்டோ அசிடோசிஸ் வந்தாலும் தொற்று இல்லாமலே புரோகால்சிட்டோனின் உயரக்கூடும். பெரிய விபத்து, தீக்காயம், இதயம் நின்று மீட்கப்பட்டவர்கள் இவர்களிடமும் அப்படித்தான். ஆகவே அந்த எண் கையில் இருந்திருந்தாலும், கண்ணுக்குள் இருக்கும் விழித்திரவத்தில் குளுக்கோஸும் ரத்தத்தில் கீட்டோனும் பார்க்காமல் நான் செப்சிஸ் என்று எழுதியிருக்க மாட்டேன். இறந்தபின் குளுக்கோஸ் குறையத்தான் செய்யும். அப்படியிருந்தும் விழித்திரவத்தில் அது நிறைய இருந்தால், உயிரோடு இருந்தபோது சர்க்கரை எகிறியிருந்தது என்று அர்த்தம். தொற்று, கீட்டோ அசிடோசிஸ் இரண்டுமே சேர்ந்தும் இருந்திருக்கலாம், ஒன்று மற்றதைக் கிளப்பிவிடுவது சர்க்கரைக்காரர்களிடம் அடிக்கடி நடப்பது.

இனிமேல் வழி உண்டா என்று கேட்டீர்கள். விசரா உப்புநீரில் போட்டு அனுப்பப்படுவது, அதில் இந்தப் பரிசோதனைகளைச் செய்ய முடியாது. ஆனால் போஸ்ட்மார்ட்டத்தின்போது திசுப் பரிசோதனைக்காக நுரையீரல், இதயம், சிறுநீரகத்தில் இருந்து சிறு துண்டுகளை ஃபார்மலினில் எடுத்து வைத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அந்தத் திசுவைப் பதித்துச் செய்த மெழுகுக் கட்டிகள் வருடக்கணக்கில் கெடாது. அதிலிருந்து சீவி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். கிருமிக்கூட்டத்தைச் சுற்றி வெள்ளணுக்கள் திரண்டிருந்தால் அது உயிரோடு இருந்தபோது வந்த தொற்று, இறந்த பிறகு வளர்ந்த கிருமியைச் சுற்றி அப்படித் திரளாது. நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவரில், செப்சிஸில் அதிகமாகத் தோன்றும் ஈ-செலக்டின் என்ற புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் முறையும் இருக்கிறது. போஸ்ட்மார்ட்டம் எண்ணையும் தேதியையும் எழுதி, தடயவியல் மருத்துவத் துறைத் தலைவருக்கு ஒரு மனு கொடுங்கள். கட்டிகள் இருக்கின்றன என்று பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

அதுவரை, வழக்கமாகத் தேடும் விஷங்கள் எதுவும் இல்லை என்ற விசரா அறிக்கையை அம்மாவுக்கு நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.