நிற நெல்: கேட்டதும் சொன்னதும்

கே: ஐயா, கருங்குறுவை என்று விதை வாங்கினேன். நெல் கருப்பு, உரித்தால் அரிசி சிவப்பு. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை தம்பி. கருங்குறுவைக்கு உமிதான் கருப்பு. உமியின் நிறம் வேறு கணக்கு, அரிசித் தோலின் நிறம் வேறு கணக்கு. கருப்பு அரிசி வேண்டுமானால் கருப்புக் கவுனி போடுங்கள். விதைச் சாக்கை மட்டும் திருப்பி உதறிவிட்டுக் கட்டுங்கள்.

கே: கவுனி சாப்பிட்டால் சுகர் குறையுமா?

ப: டாக்டரைக் கேளுங்கள் அம்மா. நான் நெல்லுக்காரன்.

கே: கவுனியைக் கழுவினால் தண்ணீர் ஊதாவாகிறது. சாயமா?

ப: சாயமில்லை, ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறப்பொருள். அது தண்ணீரில் கரையும், கரையத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் எலுமிச்சை பிழியுங்கள், சிவக்கும். ஆப்ப சோடா போட்டால் நீலமோ பச்சையோ ஆகும். அரிசியைக் கடித்தால் உள்ளே வெள்ளைதான். நிறமெல்லாம் தோலில், தீட்டினால் தவிட்டோடு போச்சு.

கே: வெள்ளைப் பொன்னி போட்டிருக்கிறேன். பக்கத்து வயல் மாப்பிள்ளைச் சம்பா. இப்போது என் வயலில் சில கதிரில் சிவப்பு அரிசி. இந்தச் சாகுபடிப் பட்டத்தில் மகரந்தம் பறந்து கலந்ததுதானே?

ப: கிடையாது. அரிசித் தோல் தாய்ச்செடியின் உடம்பு. எந்த மகரந்தம் விழுந்தாலும் இந்தப் பட்டத்தில் தோல் தாயின் நிறம்தான். கலந்த நெல்லை விதைத்தால் அடுத்த பட்டத்தில் அந்தச் செடியின் கதிர் முழுக்கச் சிவப்பு. அதையும் விதைத்தால் நாலுக்கு மூன்று செடி சிவப்பு, ஒன்று வெள்ளை. ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் 14 டி.என்.ஏ. எழுத்து தொலைந்ததால்தான் பெரும்பாலான வெள்ளை அரிசி வெள்ளையானது. தொலையாத பிரதி ஒன்று இருந்தாலே சிவந்துவிடும். நெல்லில் அயல் கலப்பே நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழேதான். வேறு நெல் ஒட்டியிருந்ததா என்று சாக்கைப் பாருங்கள், களத்தைப் பாருங்கள், அறுவடை மிஷினைப் பாருங்கள்.

கே: காற்றில் கலக்கும் என்று எங்கள் அப்பா சொல்வாரே? ஒரே கதிரில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ப: அப்பா சொன்னது சரி, ஆனால் ஒரு பட்டம் தள்ளித்தான் தெரியும். பாதி வெள்ளை என்றால் முற்றாத கதிராக இருக்கும். பால் பிடிக்கையில் சிவப்பு ஏறாது. முற்றின கதிராகப் பார்த்து ஒவ்வொரு நெல்லாக நகத்தால் உரியுங்கள்.

கே: சுகருக்குச் சிவப்பா, கருப்பா?

ப: மேலே சொல்லியாச்சு.

கே: காட்டுயானம் குறுவைக்கு வருமா?

ப: 180 நாள் பயிர், குறுவைக்கு நீளம். குறுகிய நாள் பூங்கார் போடுங்கள்.

கே: ஐயா, பொன்னிக்காரன்தான். உரித்தேன். முற்றின கதிர் முழுக்கச் சிவப்பு. அந்தத் தூர்களெல்லாம் பொன்னியைவிட உயரம்.

ப: கலவன், வேறு ரகச் செடி ஊடே முளைத்தது. விதைக்கு ஆகாது, அறுப்புக்கு முன்னால் பிடுங்கிவிடுங்கள். விதை எந்தச் சாக்கில் இருந்தது?

கே: பக்கத்து வயல்காரரிடம் இரவல் வாங்கின சாக்கு.