ரான்சம்வேர் தாக்கினால் பொறுப்பு யாருடையது?

ரான்சம்வேர் என்பது கணினிக்குள் புகுந்து, கோப்புகளைத் திறக்க முடியாதபடி மாற்றிவிட்டு, மீட்டுத்தரப் பணம் கேட்கும் தீய மென்பொருள். பாரிமுனையில் உள்ள உங்கள் கிடங்கின் கதவில் இரவோடு இரவாக வேறொருவர் தம் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவிக்கு விலை பேசுவதைப் போன்றது இது. சரக்கு உள்ளேதான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது.

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் நுழைந்த விண்டோஸ் பாதுகாப்பு ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. எனினும் அந்த ஓட்டையை முன்பே அறிந்திருந்த அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, அதை நெடுநாள் வெளியே சொல்லாமல் தன் உளவுக் கருவியாகவே வைத்திருந்தது. ஆகவே குறையோடு விற்றவர், அறிந்தும் மறைத்தவர், திருத்தத்தை நிறுவாத நிர்வாகம் என மூவருக்கும் இதில் பங்குண்டு. மின்னஞ்சல் இணைப்பைத் தெரியாமல் திறந்த கடைநிலை ஊழியரை மட்டும் (வழக்கமாக அவர்தான் அகப்படுவார்) குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

புதுப்பிப்புகளை உடனுக்குடன் நிறுவுவதும், கணினியிலிருந்து கழற்றி வைத்த வன்தட்டில் நகல் வைத்திருப்பதுமே முதன்மையான காப்பு. இந்தியாவில், தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் உத்தரவு.

பணம் கட்டினால் கோப்புகள் திரும்பிவிடும் என்று பலர் நம்புகின்றனர். ஆனால் அதற்கு உறுதி இல்லை: பணம் செலுத்தியவர் எந்தக் கணினிக்கு உரியவர் என்று கண்டறியும் ஏற்பாடே வான்னாகிரையில் ஒழுங்காக இல்லை.