கட்டை அவிழ்த்து மரத்தை மட்டும் கொண்டுபோனவர்கள்

கேள்வி: உலகக் கடற்படைகளிலேயே மிகச் சக்தி வாய்ந்த போர்க்கப்பல் எது? சீனா, அமெரிக்கா எல்லாம் இப்போது 'கேடமரான்' வகைப் போர்க்கப்பல்களை வைத்திருப்பதாகப் படித்தேன். அந்த மாதிரி நம்மிடம் உண்டா?
- கல்லூரி மாணவர் ஒருவர், ராயபுரம்

பதில்: முதல் கேள்வியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அளவை வைத்துப் பார்த்தால் அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு. சுமார் ஒரு லட்சம் டன் எடை, 337 மீட்டர் நீளம், அணுசக்தியில் ஓடும் விமானந்தாங்கி. 2017ல் பணியில் சேர்ந்தது. ஆனால் அவ்வளவு பெரிய கப்பலும் போருக்குத் தனியாகப் போவதில்லை. காவலுக்குச் சுற்றிலும் நாசகாரிகள் வர வேண்டும். அதனால் ஒற்றைக் கப்பலை வைத்துப் பலத்தை அளப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கேள்வியில் இருந்த ஒரு சொல். கேடமரான்!

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது ராயபுரத்திலிருந்து. காசிமேடு உங்களுக்கு நடந்து போகிற தூரம். உங்கள் தாத்தா காலத்தில் அந்தக் கரை நெடுகக் கிடந்த பொருளின் பெயர், இங்கிலாந்து வரை போய்ச் சுற்றித் திரும்பி வந்த உச்சரிப்பில் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அது கட்டுமரம். கட்டிய மரம் கட்டுமரம். வேறு விளக்கமே வேண்டாம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் படித்த செய்தியில் அப்படித்தான் இருந்திருக்கும். கோபம் அதைத் தமிழாக்கியவர் மேல். சப்மரீன் என்று வந்தால் 'நீர்மூழ்கி' என்று தயங்காமல் எழுதுகிற கை அது. டெஸ்ட்ராயருக்கு 'நாசகாரி' என்று எழுதிப் பழகிய கை. இந்தச் சொற்களை எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நம் கரையில் கிடந்த சொல் வரும்போது மட்டும் கை ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. இருபது வருடமாக இந்தப் பக்கத்தில் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

இதைப் படித்ததும் எனக்குக் கைதட்டப் போகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களோடும் எனக்குப் பழைய வழக்கு இருக்கிறது. இன்றைக்குக் கேடமரான் என்றால் இரட்டைக் கூட்டுக் கப்பல் என்று அர்த்தம்; கூடு என்பது தண்ணீரில் மிதக்கிற கப்பலின் உடம்பு. "கேடமரான் தமிழ்ச்சொல் என்பதால், இரண்டு கூடுகளை இணைத்துக் கப்பல் கட்டும் நுட்பத்தையே தமிழன்தான் உலகத்துக்குக் கொடுத்தான்" என்று வாசகர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு கடிதமாவது போடுவார். நானும் இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு படகுகளைக் குறுக்குக் கழிகளால் பிணைத்துப் பெருங்கடலைத் தாண்டியவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். அந்தப் பழைய முறையில் கட்டிய ஹோக்குலேயா என்ற படகை 1976ல் ஹவாயிலிருந்து தஹிதி வரை, திசைகாட்டிகூட இல்லாமல், விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே ஓட்டிக் காட்டினார்கள். அந்தப் பெருமை அவர்களுடையது. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

சொல்லப்போனால் கட்டுமரத்துக்குக் கூடு என்பதே கிடையாது. இதைப் புரிந்துகொண்டால்தான் அதன் அருமை தெரியும். படகு என்றால் உள்ளே குழிவு இருக்கும்; அந்தக் குழிவுக்குள் தண்ணீர் ஏறினால் முழுகும். கட்டுமரத்தில் குழிவே இல்லை. நாலைந்து மரங்களை முனை மேலே வளைகிற மாதிரி செதுக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். அலை மேலே விழும், மரத்துக்கு மரம் உள்ள இடுக்கு வழியாகக் கீழே இறங்கிப் போய்விடும். இறைக்க வேண்டிய தண்ணீரே இல்லை. கவிழ்ந்தாலும் நீந்திப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன்பு பட்டினப்பாக்கம் கரையில் ஒரு பெரியவர் கட்டுமரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நீலமும் வெள்ளையுமாக ஃபைபர் படகுகள். நடுவில் இது ஒன்றுதான் மரம். ஈரக் கயிற்றின் முடிச்சு அவிழாமல் அடம்பிடித்தது. பல்லால் கடித்து இழுத்தார். ஒவ்வொரு மரமாக உருட்டி மணலில் இடைவெளி விட்டுக் கிடத்தினார். நான் ஒரு மரத்தின் முனையைத் தூக்கப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. "மரம் தண்ணி குடிக்கும் சார். அவுத்து வெயில்ல போடலேன்னா நாளைக்கு அது உன்னைத் தூக்காது, நீதான் அதைத் தூக்கணும்" என்றார். ஒவ்வொரு நாளும் பிரித்து ஒவ்வொரு நாளும் கட்டுகிற கலம் அது.

இந்த ஊருக்கு அந்தக் கலம் செய்த வேலை கொஞ்சமல்ல. 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கோட்டைக்கு இடம் வாங்கியதிலிருந்து, 1870களில் துறைமுக வேலை தொடங்கும்வரை, சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. எவ்வளவு பெரிய கப்பலானாலும் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். 1746ல் லா பூர்தொன்னே கொண்டுவந்த பிரெஞ்சுக் கப்பல்கள் கோட்டையைக் குண்டு போட்டுப் பிடித்தன. அவற்றுக்கும் இங்கே ஒதுங்கி நிற்க ஓர் இடம் கிடையாது. கரைக்கு முன்னால் அலை உடைகிற இடத்தில் ஐரோப்பியப் படகு இறங்கினால் பலகை பெயர்ந்துவிடும். அதற்காகவே மசூலாப் படகு இருந்தது. ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்தது, அடி விழுந்தால் நெளிந்து கொடுக்கும். மசூலாவும் போக முடியாத கொந்தளிப்பில் கட்டுமரக்காரர் போனார். கடிதத்தைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு, அலைக்குள் மறைந்து மறுபடி தெரிவார். கரையில் உள்ள கவர்னருக்கும் கப்பலில் உள்ள தளபதிக்கும் நடுவே அன்றைக்கு இருந்த ஒரே தபால் அது. பீரங்கி வைத்த கப்பல்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிவைத்தவர்கள், இந்தத் தபால்காரர் ஒருவரின் பெயரைக்கூட நமக்கு விட்டுவைக்கவில்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆறாத குறை.

சொல் எப்படி அங்கே போனது? சோழமண்டலக் கரையைப் பார்த்துப் போன ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697ல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அப்புறம் அது ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டது. அது முதலில் கடற்படைக்குள் நுழைந்தது கப்பலாக இல்லை, வெடிகுண்டாக! 1804 அக்டோபரில், பிரான்சின் பூலோன் கரையில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பிரிட்டிஷ் கடற்படை மிதக்கும் வெடிப்பெட்டிகளை அனுப்பியது. ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுத்தவை. உள்ளே வெடிமருந்து, நேரம் வைத்து வெடிக்கக் கடிகாரப் பொறி. அந்தப் பெட்டிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் கேடமரான். பெரிய சேதம் ஒன்றும் ஆகவில்லை. இதே ஃபுல்டன்தான் பத்து வருடம் கழித்து நியூயார்க்கில் உலகின் முதல் நீராவிப் போர்க்கப்பலை வடித்தார். இரண்டு கூடுகள், நடுவில் குண்டு படாமல் ஒளித்துவைத்த சக்கரம். ஆனால் அதற்குப் பெயர் டெமொலோகஸ்! ஒற்றைக் கூடுகூட இல்லாத கலத்தின் பெயர் வெடிகுண்டுக்கு, இரட்டைக் கூட்டுக் கப்பலுக்கு வேறு பெயர். 19ஆம் நூற்றாண்டில்தான் இரட்டைக் கூட்டுப் படகுகளைக் கேடமரான் என்று அழைக்கும் வழக்கம் ஊன்றியது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அந்தக் கப்பலின் பெயரைப் பிடித்துக்கொண்டு, ஆள் கெட்டிக்காரன், அசைக்க முடியாதவன் என்றால் "அவன் எம்டன்" என்றோம். நம் கலத்தின் பெயரை அவர்கள் எடுத்தார்கள், அவர்கள் கப்பலின் பெயரை நாம் எடுத்தோம். நாம் எடுத்ததை மட்டும் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இப்போது உங்கள் செய்திக்கு வருகிறேன். இரட்டைக் கூட்டில் கடற்படைகளுக்கு என்ன லாபம்? கூடுகள் ஒல்லியாக இருப்பதால் தண்ணீரை எளிதாகக் கிழித்துக்கொண்டு வேகமாக ஓடும். இரண்டும் அகன்று நிற்பதால் மேல்தளம் விசாலமாகக் கிடைக்கும். ஆழம் குறைந்த கரைக்கும் வரலாம். 1999ல் கிழக்குத் திமோர் பிரச்சினையின்போது ஆஸ்திரேலியக் கடற்படை, டாஸ்மேனியாவில் கட்டிய ஒரு பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஜெர்விஸ் பே என்று பெயர் வைத்து, டார்வினிலிருந்து டிலிக்குத் துருப்புகளையும் வண்டிகளையும் ஏற்றி ஓட்டியது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் அமெரிக்கர்களுக்கு ஆசை வந்தது. அவர்களுடைய ஸ்பியர்ஹெட் வகை 103 மீட்டர் நீளம், முழுக்க அலுமினியம். ஆனால் பெரிய அலையில் அதன் முன்பகுதி அடி தாங்காமல், பிறகு வலுப்படுத்த வேண்டியிருந்தது. வேகத்துக்காக எடையைக் குறைத்ததற்குக் கொடுத்த விலை. சீனாவின் 022 ரகம் 40 மீட்டரைச் சற்றுத் தாண்டிய சிறிய ஏவுகணைப் படகு. ஒன்றில் எட்டு ஏவுகணை. கரையை ஒட்டி ஒளிந்திருந்து பாய்ந்து அடித்துவிட்டுத் திரும்புவதற்கென்றே கட்டியது. தைவானும் துவோ சியாங் என்ற இரட்டைக் கூட்டுப் போர்க்கப்பலை 2014ல் இறக்கியது, சீனாவின் பெரிய கப்பல்களைக் குறிவைத்து.

இவை எல்லாவற்றையும்விட எனக்குச் சுவையாகப் படுவது அமெரிக்காவின் இண்டிபெண்டன்ஸ் வகை. அதற்கு மூன்று கூடு. அதனால் அதை 'ட்ரைமரான்' என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். 'ட்ரை' என்றால் மூன்று. 'மரான்'? நம்முடைய மரம். கேடமரானில் 'மரான்' என்றால் கூடு என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இருந்த 'கட்டு' என்பதை வெட்டிவிட்டு மூன்றை ஒட்டிவிட்டார்கள். பட்டினப்பாக்கத்துப் பெரியவர் செய்ததைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்து மரத்தைத் தனியே எடுத்திருக்கிறார்கள். பெரியவர் மறுநாள் காலையில் திரும்பக் கட்டிவிட்டார், இவர்கள் கட்டவே இல்லை. 127 மீட்டர் நீளத்துக்கு ஒரு குச்சி மரம் இல்லாத அந்த அலுமினியப் போர்க்கப்பல், மரம் என்ற தமிழ்ச்சொல்லைச் சுமந்துகொண்டு பசிபிக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்வதற்காகவே உங்கள் கேள்வியை எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஐ.என்.எஸ். மகர், 2012ல் கடற்படையில் சேர்ந்தது. கடலடியை அளந்து வரைபடம் போடுகிற கப்பல், இரட்டைக் கூடு. சீனாவுடையது மாதிரி ஏவுகணை அடிக்கிற ரகம் இல்லை.

இனிமேல் எனக்கு எழுதும்போது அந்தக் கப்பல்களை இரட்டைக் கூட்டுக் கப்பல் என்று எழுதுங்கள். கட்டுமரம் என்ற பெயரைக் கட்டுமரத்துக்கே விட்டுவிடுவோம். அப்புறம் ஒரு வேலை தருகிறேன். உங்கள் பக்கத்தில் மரம் ஓட்டிய வயதானவர்கள் இன்னும் இருப்பார்கள். கட்டுமரத்தின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும், ஒவ்வொரு கயிற்றுக்கும், ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர்கள் வாயில் என்ன பெயர் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.