தீவிரவாதத் தடுப்பு ஆய்வு படிக்க மகள் ஆசைப்பட்டால்

ஐயா, வணக்கம். உளவியல் இளங்கலை முடிக்கப்போகும் உங்கள் மகள், இளைஞர்கள் வன்முறைக் குழுக்களின் பக்கம் போகாமல் தடுக்கும் ஆய்வில் இறங்க வேண்டும் என்கிறார். போலீஸ், வழக்கு என்று வம்பு வந்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பையன்களில் ஒருவன் ஏன் அந்தப் பக்கம் போனான், இன்னொருவன் ஏன் போகவில்லை, போனவன் எப்படித் திரும்புவான் என்று அளந்து பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. நார்வேயில் 1997-ல் நவ நாஜிக் கும்பல்களிலிருந்து (ஹிட்லரின் இனவெறியைப் பின்பற்றும் கும்பல்கள்) பிள்ளைகளை மீட்கத் தொடங்கிய 'எக்சிட்' திட்டத்தில் பெற்றோர் குழுக்களுக்கும் பங்கு இருந்தது. நமக்கும் இது அந்நிய விஷயமில்லை. நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, மாணவரிடையே சாதிப் பகையைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது.

மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது, புள்ளியியல் வருமா என்பதைத்தான். பலர் தடுக்கி விழுவது அங்கேதான். ஓர் உதாரணம்: 'எதிர் சாதிக்காரனை அடிப்பது சரியா?' என்று நேராகக் கேட்டால் எந்த மாணவனும் ஆமாம் என்று சொல்ல மாட்டான். அதனால் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதிக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள். மறு பாதிக்கு அதே நான்கோடு 'எதிர் சாதிக்காரனை அடிப்பது சரி' என்ற வாக்கியமும் சேர்த்து ஐந்து. எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை வாக்கியங்களை ஒப்புக்கொள்கிறாய் என்று மட்டும் கேட்கிறார்கள். முதல் பாதியின் சராசரி 1.8, மற்றதன் சராசரி 2.1 என்றால் வித்தியாசம் 0.3. அதாவது சுமார் 30 சதவீதம் பேர் மனதுக்குள் ஆமாம் என்கிறார்கள். யார் என்பது கேட்டவருக்கே தெரியாது. ஆனால் பாதிக்கு 50 பேரை மட்டும் கேட்டிருந்தால் அந்த 0.3 தற்செயலாகவும் வந்திருக்கலாம். நான்கு வாக்கியங்களும் எல்லோரும் தலையாட்டக்கூடியவையாக இருந்தால், 'ஐந்து' என்று சொன்ன பையன் மாட்டிக்கொள்வான். வாக்கியங்களைத் தேர்ந்தெடுப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

'யார் தீவிரவாதி ஆவான் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். 10 லட்சம் பேரில் 10 பேர்தான் ஆபத்தானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 99 சரியாகச் சொல்லும் சோதனைகூட, பாவம், சுமார் 10,000 அப்பாவிகளைச் சந்தேகப் பட்டியலில் ஏற்றிவிடும்.

உங்கள் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. ஆர்வத்தில் அந்தக் குழுக்களின் வீடியோவை வீட்டு லேப்டாப்பில் இறக்குவது, போலிப் பெயரில் அவர்களுடைய டெலிகிராம் குழுவில் சேர்வது, இரண்டும் கூடவே கூடாது. முதலில் வழிகாட்டிப் பேராசிரியர், அடுத்து ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி, அதன் பிறகுதான் தரவு. ஏற்காட்டு விடுதிப் பள்ளி ஒன்றில் ஆய்வு என்றால் வார்டன் கையெழுத்து போதாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

வேலை விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. இந்தப் பெயரில் பதவிகள் நம் நாட்டில் அரிது. தொண்டு நிறுவனங்களின் திட்ட மதிப்பீடு, சமூக ஊடக நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு, ஆய்வு மையங்கள், கல்லூரி ஆசிரியப் பணி என்றுதான் சுற்றிப் போக வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். முதுகலை வழியாகப் போனால் அதில் 55 சதவீதம் தேவை, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாத) போன்ற பிரிவினருக்கு 50. வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. மனநல சிகிச்சைதான் விருப்பம் என்றால் அது வேறு பாதை, அதற்கு ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர, பொது நுழைவுத் தேர்வான சியுஇடி முதுகலைத் தேர்வு எழுதட்டும். அதற்குள் சேலம் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தின் உளவியல், சமூகவியல் துறைகளுக்கு ஒருமுறை அவரோடு போய் வாருங்கள். கணக்கெடுப்பு ஆய்வு யார் செய்கிறார்கள், புள்ளியியல் மென்பொருளில் மாணவர்களே கைவைத்துப் பழக விடுகிறார்களா என்ற இரண்டையும் அவரே கேட்கட்டும்.