உறைந்த சுப்பீரியர் ஏரியில் குகைகளை நோக்கி ஒரு நடை: கேள்வி பதில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய அப்பாஸல் தீவுகள் தேசிய ஏரிக்கரைப் பூங்காவைச் சேர்ந்த கரையோரக் குகைகளுக்குக் குளிர்காலத்தில் நடந்து செல்வது பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, அந்தக் கரையை நன்கு அறிந்தவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): இவை கடலலை குடைந்த குகைகளைப் போலவே படங்களில் தெரிகின்றன. ஓர் ஏரியின் கரையில் இவை எப்படி உண்டாயின?

பதில்: சுப்பீரியர் ஏரியின் பரப்பளவு சுமார் 82,100 சதுர கிலோமீட்டர்; அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்று மேல். ஆழம் மிகுந்த இடத்தில் 406 மீட்டர். அவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பின் மீது இலையுதிர்காலப் புயற்காற்று வீசும்போது எழும் அலைகள், கடலலைகள் செய்யும் வேலையைக் குறைவில்லாமல் செய்கின்றன. கரையில் இருப்பதோ 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செந்நிற மணற்பாறை. அதில் மெல்லிய அடுக்குகளாகப் படிந்த பகுதி எளிதில் அரிபடுகிறது, தடித்த அடுக்குகள் தாக்குப்பிடிக்கின்றன. வெடிப்புகளுக்குள் புகும் நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது; அலை அடிப்பாகத்தைக் குடைகிறது. இவ்விரண்டும் சேர்ந்தே வளைவுகளையும் தூண்களையும் நிலவறைகளைப் போன்ற அறைகளையும் உருவாக்கின.

கேள்வி (மினியாபோலிஸ்): எங்கிருந்து நடக்கத் தொடங்க வேண்டும்? எவ்வளவு தூரம்?

பதில்: 13ஆம் எண் நெடுஞ்சாலையில், கார்னுகோப்பியா என்ற சிற்றூருக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் உள்ள மேயர்ஸ் பீச்சிலிருந்து தொடங்க வேண்டும். உறைந்த ஏரியின் மேல் கரையை ஒட்டி ஏறத்தாழ ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர், நடந்தால் முதல் குகைகள் வரும். எல்லாவற்றையும் பார்த்துத் திரும்பினால் ஆறு மைல் வரை ஆகலாம். நடை சமதளம்தான் என்றாலும், காற்று தள்ளிக் குவித்த பனிக்கட்டிப் பாளங்கள் குறுக்கே கிடக்கும் என்பதால் சாலையில் நடக்கும் கணக்கை இங்கே போடாதீர்கள். பிப்ரவரி நடுவில் மாலை ஐந்தரை மணியளவில் சூரியன் மறைந்துவிடும். முற்பகலிலேயே புறப்பட்டுவிடுவது நல்லது.

கேள்வி (சிகாகோ): சென்ற வாரம் அங்கே வெப்பநிலை மைனஸ் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே போயிற்று. ஆனாலும் குகைகளுக்குச் செல்லும் பனிப்பாதை திறக்கப்படவில்லை. பூங்கா நிர்வாகம் தேவைக்கு மேல் அஞ்சுகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இதில் நான் நிர்வாகத்தின் பக்கம். சிறிய ஏரிகளில் குளிர் எவ்வளவு, எத்தனை நாள் என்று பார்த்தே பனியின் தடிமனை ஓரளவு ஊகித்துவிடலாம். நான்கு அங்குலத் தெளிந்த பனி ஓர் ஆளைத் தாங்கும் என்ற பொதுவிதியும், வெண்மையான பனிக்கு அதைப்போல் இருமடங்கு வேண்டும் என்ற விதியும் அத்தகைய ஏரிகளுக்குப் பொருந்தும். சுப்பீரியரில் முடிவு செய்வது குளிர் அல்ல, காற்றுதான். மேயர்ஸ் பீச்சுக்கு எதிரே நீர்ப்பரப்பு நெடுந்தூரம் திறந்து கிடப்பதால், கரையோரத்தில் ஓரடித் தடிமன் பனி உறைந்திருந்தாலும், அதற்கு வெளியே ஏரி உறையாமல் இருந்தால், அங்கே எழும் அலை பனியின் அடியில் புகுந்து ஒரே இரவில் அதை உடைத்துவிடும். கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசும் காற்றோ, பனித்தட்டை அப்படியே கழற்றிக்கொண்டு போய்விடும். இந்த ஏரியில் மீன்பிடிப்பவர்கள் அவ்வாறு பிரிந்துபோன பனித்தட்டில் சிக்கி மீட்கப்பட்ட செய்திகளை நீங்களும் படித்திருக்கலாம்.

ஆகவே, பூங்கா ஊழியர்கள் தடிமனை மட்டும் அளப்பதில்லை. பனி கரையோடு அசையாமல் பிணைந்திருக்கிறதா, வெளியே ஏரி எவ்வளவு தூரம் உறைந்திருக்கிறது, வரும் நாட்களில் காற்று எப்படி இருக்கும் என்பவற்றையும் பார்க்கிறார்கள். 2014ஆம் ஆண்டு இவை யாவும் ஒருங்கே அமைந்தன. அந்தக் குளிர்காலத்தில் சுப்பீரியர் ஏறத்தாழ முழுவதும் உறைந்தது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை பாதை திறந்திருந்தது. சுமார் 1,38,000 பேர் வந்தார்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் மைல் கணக்கில் கார்கள் நின்றன. மறு ஆண்டு பாதை திறந்திருந்தது ஒன்பது நாட்கள் மட்டுமே. அதற்குப் பின் பல குளிர்காலங்கள் ஒரு நாள்கூடத் திறக்கப்படாமல் கழிந்தன. எனவே விடுதிக்கு முன்பதிவு செய்துவிட்டுப் பனிக்காகக் காத்திருக்காதீர்கள்; அறிவிப்பு வந்த பிறகு புறப்படுங்கள். கிளம்பும் நாள் காலையிலும் ஒருமுறை நிலவரத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி (டெட்ராய்ட்): நாயை அழைத்துச் செல்லலாமா?

பதில்: செல்லலாம். ஆறடிக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி (டாலஸ்): பனியில் நடந்து பழக்கமில்லை. காலணியும் உடையும் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: பெரிய ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்கும்போது வியர்ப்பதும், நின்று படமெடுக்கும்போது அந்த வியர்வையே குளிர்ந்து உடலை நடுக்குவதும்தான் இங்குள்ள முதல் தொல்லை. உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பளி அல்லது செயற்கை இழையாலான தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்னும் மென்மயிர்த் துணிச் சட்டை, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அணிந்தால், நடையின் வேகத்துக்கேற்பக் கழற்றவும் போடவும் முடியும். காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டைகள் கட்டாயம் வேண்டும். காற்று துடைத்த இடங்களில் பனி கண்ணாடியாக இருக்கும். ஊன்றுகோல் இருந்தாலும் அங்கே வெறும் காலணி நிற்காது. மூக்கு நுனி, காதுமடல், விரல்கள் ஆகியவை மரத்து வெளுத்தால், அவற்றைத் தேய்க்காமல் உடனே மூடிக் கதகதப்பாக்குங்கள். கைப்பேசியைச் சட்டைக்குள் வைத்திருங்கள். வெளிப்பையில் இருந்தால், மின்கலம் பாதி இருக்கும்போதே அணைந்துவிடும்.

கேள்வி (மில்வாக்கி): ஆறு வயது மகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இயலுமா?

பதில்: மகளைப் பற்றிக் கவலை வேண்டாம், பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் உட்காரவைத்து இழுத்துச் செல்லலாம், பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு உடல்சூடு உண்டாகாது என்பதால், இழுப்பவருக்கு வியர்க்கும்போதே அவளுக்கு விறைத்துக்கொண்டிருக்கலாம். அடிக்கடி நிறுத்தி அவள் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலியோ, விழுந்தால் எலும்பு முறியும் அச்சமோ இருந்தால் அழைத்துச் செல்ல வேண்டாம் என்றே சொல்வேன். பனியின் மேல் உட்கார இடமோ கழிப்பறையோ கிடையாது.

கேள்வி (பெங்களூரு): இவ்வளவு சிரமப்பட்டுப் போனால் உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: பாறையிலிருந்து கசியும் நீர் உறைந்து திரைச்சீலைகளாகவும் ஆலம்விழுதுகளாகவும் தொங்கும். நீர் வந்த வழியில் இரும்புத் துருவோ மண்ணோ கலந்திருந்தால் அந்தப் பனி செம்மையும் மஞ்சளுமாக இருக்கும். குமிழிகள் இல்லாமல் தடித்து உறைந்தது வெளிர்நீலமாகத் தெரியும். என்னை அதிகம் ஈர்ப்பது குகைகளின் கூரைதான். நீராவி நேரடியாகப் படிந்து ஊசிகளாகவும் இறகுகளாகவும் வளர்ந்திருக்கும். தாழ்ந்த அறைக்குள் தவழ்ந்து சென்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வோர் இறகின் நரம்பும் தனித்தனியாகத் தெரியும், மூச்சுக்காற்று பட்டாலே நுனிகள் உதிரும். தயவுசெய்து கை வைக்காதீர்கள். பெரிய விழுதுகளின் நேர்கீழே நிற்கவும் கூடாது. வெயில் ஏறும் நாட்களில் அவை முன்னறிவிப்பின்றி விழும், சில நேரங்களில் பாறைத்துண்டையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

கேள்வி (மினியாபோலிஸ்): பனிப்பாதை மூடியிருந்தால், மலைமுகட்டின் வழியாகவாவது குகைகளைப் பார்க்கலாம் அல்லவா?

பதில்: மேயர்ஸ் பீச்சிலிருந்தே காட்டுக்குள் ஒரு நடைபாதை போகிறது, இரண்டு மைலுக்குச் சற்றுக் குறைவாக நடந்தால் குகைகளின் மேல்விளிம்பை அடையலாம். ஆனால் அங்கிருந்து தெரிவது பெரும்பாலும் பாறையின் நெற்றிதான், குகைகளின் உட்புறம் அல்ல. விளிம்பில் கைப்பிடிக் கம்பிகள் கிடையாது, பனி மூடியிருக்கும்போது பாறை எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. பழக்கமில்லாதவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. அதைவிட, வாஷ்பர்ன் ஊருக்கு வடக்கே உள்ள ஹோட்டன் அருவிப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அதே பகுதியின் மணற்பாறைதான். உறைந்த சிற்றருவியும் உண்டு. கார்னுகோப்பியாவுக்கு அருகில் உள்ள லாஸ்ட் கிரீக் அருவியும் ஓர் அரைநாளுக்கு ஏற்றது. இரண்டுக்கும் ஏரிப் பனியின் மேல் கால் வைக்கத் தேவையில்லை. முள்பட்டைகளை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள்.