துக்கம் உடம்புல எங்க இருக்கு?

வணக்கம் சார்,

ஐடி வேலை, வீக்கெண்ட்ல பெயிண்டிங். ஓவியர் மரியா லாஸ்னிக் பத்தி நீங்க போற போக்குல ஒரு வரி சொல்லியிருந்தீங்க, தேடிப் பார்த்ததுல இருந்து தூக்கம் போச்சு. நானும் உணர்ச்சியில இருந்துதான் வரையறேன். மனசு உடைஞ்சா அழுதுகிட்டே வரைவேன். ஆனா பாக்குறவங்க ஒண்ணும் தோணலைங்கறாங்க. எனக்கு அனாடமி தெரியாததுதான் காரணமா, கோர்ஸ்ல சேரணுமா? தியானம் பழகினாதான் உடம்ப உணர முடியும்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றா, நிஜமா? மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ பண்ணதும் இதேதானே? ஒரு படம் இணைச்சிருக்கேன்.

க.

அன்புள்ள க.,

தியானம் பண்ணணும்னா பண்ணுங்க, படத்துக்கும் அதுக்கும் நான் முடிச்சு போட மாட்டேன். என்னைப் புடிச்சு உக்கார வெச்சது "அழுதுகிட்டே வரைவேன்"ங்கற வரிதான், ஏன்னா கொஞ்ச நாளா என் மண்டைக்குள்ளயும் இதேதான் ஓடிட்டு இருக்கு.

ஏம்மா, அழுதுகிட்டே வரைஞ்சா அழுகை படத்துல ஏறிடும்னு யாரு சொன்னது? டிரைவர் அழுதுகிட்டே ஓட்டினா பஸ்ஸுக்கு துக்கம் வந்துடுமா? உங்க படத்த பெருசாக்கிப் பார்த்தேன். பின்னாடி ஃபுல்லா நீலம், நடுவுல முழங்கால கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு, முடி பாதி முகத்த மறைக்குது, கன்னத்துல ஒரு சொட்டு கண்ணீர். கோவிச்சுக்காதீங்க, இதுல உங்க துக்கம் இல்ல. யாரோட துக்கமும் இல்ல. அந்தப் பொண்ண நீங்க அறைக்கு வெளிய நின்னு ஜன்னல் வழியா பாத்துட்டு இருக்கீங்க. நீங்க அழுத ராத்திரி உங்க முடி உங்களுக்குத் தெரிஞ்சுதா? தொண்டை அடைச்சிருக்கும், கண்ணுக்குப் பின்னாடி சுட்டிருக்கும், வயித்துல ஒரு எடம் இறுகியிருக்கும், கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போயிருக்கும். அத எங்க வரைஞ்சீங்க?

லாஸ்னிக் அதத்தான் வரைஞ்சாங்க. 1919ல ஆஸ்திரியாவுல பொறந்தவங்க, 1940கள் கடைசியிலயே ஆரம்பிச்சு 94 வயசுல சாகறவரைக்கும் திரும்பத் திரும்ப அதேதான். இந்தப் படங்கள கண்ணாடியில முகம் பாத்து வரையறது கிடையாது. கண்ண மூடிக்கிட்டு, சில சமயம் கேன்வாஸ்ல படுத்துக்கிட்டு, இப்ப எனக்கு எது தெரியுதுன்னு பாக்கறது, தெரியறத மட்டும் போடறது. காது தெரியலையா, காது கிடையாது. அவங்க வரைஞ்ச உருவங்களுக்கு பெரும்பாலும் முடியே இருக்காது, சிலதுக்கு மண்டையோட மேல் பாதியே இருக்காது. நிறத்துக்கும் அப்படித்தான், வலிக்கு ஒரு நிறம், நரம்புக்கு ஒண்ணு, அழுத்தத்துக்கு ஒண்ணு, புற்றுநோய் பயத்துக்குன்னு தனியா ஒண்ணு. உங்கள மாதிரி துக்கம்னா நீலம்னு யோசிக்காம ட்யூப பிதுக்கல.

எங்க அத்தை ஞாபகம் வருது. சர்க்கரை முத்தி ஒரு கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததுல இருந்து இல்லாத காலோட கட்டை விரல் அரிக்குதுன்னு ஒரே புலம்பல். அதெல்லாம் மனப்பிரமைம்மான்னு ஒரு டாக்டர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார், எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. 1871லயே சைலஸ் வியர் மிட்செல்னு ஒரு அமெரிக்க டாக்டர் இதுக்கு பேய் உறுப்புன்னு பேர் வெச்சுட்டார், நம்ம நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல முகம் பாக்கற கண்ணாடி வெச்ச ஒரு பெட்டிய வெச்சு இந்த வலிய கொறைக்கப் பாத்தார், அத்தையோட டாக்டருக்கு இன்னும் பிரமையாம்.

அத்தை அந்த டாக்டர சட்டையே பண்ணல. போர்வை தட்டையா கெடக்கற எடத்துல விரல வெச்சு, "இங்க இல்லடா, இன்னும் மேல வா, இன்னும், ஆங், அங்கதான் சுண்டு விரல்"னு காட்டுவா. கெணுக்கால் எங்க அத்தைன்னா, "அது இல்ல, போயிடுச்சு, பாதம் மட்டும் ஏறி வந்து முட்டிகிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கு"ம்பா. வெட்டின கால் நாளாக நாளாக உள்ள இழுத்துக்கற மாதிரி தோணறது நெஜமாவே நெறைய பேருக்கு வரும், எனக்கு அப்ப தெரியாது, நான் சொரிஞ்சு விடற மாதிரி போர்வைய சொரிவேன், அவளுக்கு சிரிப்பு வந்துடும். எங்கள பொறுத்தவரை அவ அந்தப் போர்வை மேல ஒரு படம் போட்டுக் காட்டினா, விரலு பெருசு, கெணுக்கால் கெடையாது, பாதம் முட்டியில. லாஸ்னிக் படங்கள மொத தடவை பார்த்தப்ப எனக்கு அதிர்ச்சியே இல்ல, இத ஏற்கனவே பாத்திருக்கேனேன்னுதான் இருந்துச்சு. மூளைக்குள்ள உடம்பு எப்படிப் பதிஞ்சிருக்குன்னு 1930கள்ல பென்ஃபீல்டுங்கற மூளை அறுவை டாக்டர் போட்ட மேப்பும் இதே லட்சணம்தான், கையும் உதடும் ராட்சச சைசு, முதுகு சும்மா பேருக்கு.

அத்தை ஒரு தடவை கூட எனக்கு சோகமா இருக்குன்னு சொன்னதில்ல, கவனிங்க. எந்த எடத்துல, என்ன சைசுல, இறுக்கமா அரிப்பா, அவ்வளவுதான் சொன்னா. கேட்டவங்களுக்குத்தான் தொண்டை அடைச்சுது. நான் சொல்ல வர்றது இதுதான், இத எத்தன தடவை வேணா சொல்வேன்: உணர்ச்சியோட பேர வரையாதீங்க, அது உடம்புல உக்காந்திருக்கற எடத்த வரைங்க. பேரு எல்லாருக்கும் ஒண்ணு. எடம் உங்களுது மட்டும்.

ஃப்ரீடா பண்ணது இது இல்ல. 1944ல வரைஞ்ச 'உடைஞ்ச தூண்'ல முதுகெலும்புக்கு பதிலா விரிசல் விட்ட கல் தூண், உடம்பெல்லாம் ஆணி, நம்மள நேரா பாக்கற முகம். அந்த வலி நமக்குப் புரியணும்னு அடையாளமா மாத்திக் குடுக்கறாங்க. பெரிய ஆளுதான், ஆனா அது வேற ரூட்டு.

லாஸ்னிக்குக்கு மதிப்பு வந்தது ரொம்ப லேட்டு. 1980ல, அறுபத தாண்டற நேரத்துல, வியன்னாவுல பேராசிரியர் ஆனாங்க. வெனிஸ் பியனாலேங்கற பெரிய கலைக் கண்காட்சியில வாழ்நாள் சாதனைக்கு தங்கச் சிங்கம் விருது குடுத்தது 2013ல, அதுக்கு அடுத்த வருஷம் போயிட்டாங்க. 2005ல ஒண்ணு வரைஞ்சாங்க, 'நீயா நானா'ன்னு பேரு, சிரிக்காதீங்க. எம்பத்தஞ்சு தாண்டின கிழவி, ஒட்டுத்துணி இல்லாம, ஒரு துப்பாக்கி சொந்த நெத்திப் பொட்டுல, இன்னொண்ணு நம்மள பாத்து. கண்ணீர் ஒரு சொட்டு இல்ல, பாக்கற நமக்குத்தான் வயித்த பெசையும்.

ஆங், அனாடமி கேட்டீங்கல்ல. சேருங்க, கத்துக்கறதால எதுவும் செத்துடாது, லாஸ்னிக்கே வியன்னா அகாடமில முறையா படிச்ச கைதான். ஆனா உங்க படத்துல பொண்ணோட கை காலெல்லாம் ஓரளவுக்கு ஒழுங்காதான் இருக்கு, கோளாறு அங்க இல்ல. அடுத்த தடவை அழுகை வந்தா ப்ரஷ்ஷ தொடாதீங்க. அழுது முடிங்க, மூக்க சிந்துங்க, அப்புறம் கண்ண மூடி எது எங்க இருக்குன்னு பாத்து ஒரு பென்சில்ல போடுங்க, கழுத்து காணாம போனா போகட்டும். அசிங்கமாதான் வரும், அத அப்படியே எனக்கு அனுப்புங்க, நீல ட்யூப கொஞ்ச நாள் எங்கயாவது ஒளிச்சு வெச்சுடுங்க.